நல்ல நாள் பார்த்துப் பங்கு வாங்குவோர் செய்யும் தவறுகள்

எங்கள் ஐயா சித்திரை முதல் நாள் புதுக்கணக்கில் பிள்ளையார் சுழி போடுமுன், பழைய வருஷத்து ஐந்தொகையை எடுத்து முடித்திருப்பார். கையிருப்பு, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது எல்லாம் அதில் இருக்கும். செட்டிநாட்டில் நாம் இன்று நல்ல நாளைப் பிடித்துக்கொண்டோம், ஐந்தொகையை விட்டுவிட்டோம். பணம் போவது பெரும்பாலும் அங்கேதான்.

தீபாவளிக்கு நல்ல நேரம் பார்த்துப் பங்குச் சந்தையை ஒரு மணி நேரம் திறக்கும் முகூர்த்த வர்த்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மும்பைப் பங்குச் சந்தையில் 1957 முதல் நடக்கிறது. குஜராத்தி, மார்வாடி வணிகர்களின் புதுவருஷக் கணக்குப் பூஜையோடு சேர்ந்த வழக்கம். நமக்குத் தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியல், அவர்களுக்கு அமாவாசை லட்சுமி பூஜை. அதனால் நாளே மாறலாம். 2025இல் நாம் அக்டோபர் 20 கொண்டாடினோம், முகூர்த்த வர்த்தகம் 21ஆம் தேதி, அதுவும் பிற்பகல் 1.45 முதல் 2.45 வரை. வழக்கம்போல மாலையில்தானே என்று இருந்தால் கதவு சாத்தியிருக்கும். ஒரு மணி நேரச் சந்தையில் சிறிய கம்பெனிப் பங்குகளுக்கு ஆள் குறைவு. விலை குறிக்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு, தீபாவளிக்குத் தீபாவளி ஒரு வருஷம் என்று நினைப்பது. 2024 நவம்பர் 1 முகூர்த்தத்தில் வாங்கி 2025 அக்டோபர் 21இல் விற்றவருக்கு 354 நாள்தான் ஆகியிருக்கும். பட்டியலிட்ட பங்கை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். முன்னதாக விற்றால் லாபத்துக்கு 20 சதவீதம். இன்னும் சில நாள் பொறுக்காமல் இவ்வளவு கொடுப்பானேன்?

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகுகாலம் என்று பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டுக்கும் காத்திருக்கிறார்கள். ஃபண்டில் அன்று சந்தை முடிந்தபின் கணக்கிடும் ஒரே என்.ஏ.வி.தான், அதாவது ஒரு யூனிட்டின் விலைதான். பணம் மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி. ஆடி பிறந்ததென்று எஸ்.ஐ.பி.யை, அதாவது ஃபண்டில் மாதாமாதம் போடும் தவணையை, நிறுத்துவதும் எனக்கு வருத்தம் தரும் வழக்கம். பிள்ளையார் நோன்புக்கு 21 நாளும் நாளுக்கொரு நூலிழை எடுத்துவைப்பவர்கள் நாம். நடுவில் விட்டால் இழை சேருமா?

அட்சய திருதியைக்கு நகை வாங்குங்கள், ஆசைக்கு. முதலீடு என்று சொல்லாதீர்கள். செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பாது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த பங்காளி வளவில் உட்கார்ந்து சொன்ன ஒரே பங்கில் மொத்தத்தையும் போடுவதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. நம் முன்னோர் முதலின் பெரும்பகுதி பர்மாவில் இருந்தது. 1930களில் நெல் விலை விழுந்து, விவசாயிகளுக்குக் கொடுத்த கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் நெல்வயலில் ஏறத்தாழ கால்வாசி அவர்கள் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பானியர் நுழைந்ததும் விட்டுவிட்டு ஓடிவர நேர்ந்தது. நாளும் நட்சத்திரமும் பார்த்துத்தான் அவர்களும் கப்பலேறினார்கள்.

நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது, இரண்டு வாரத்தில் சித்திரை பிறக்கிறது. அந்த இடைவெளியில் உங்கள் பங்குகளை ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன விலைக்கு, எந்தத் தேதியில், ஏன் வாங்கினீர்கள், இன்று வாங்குவீர்களா. கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று வருவதைச் சித்திரை பிறக்குமுன் தனியே குறித்துவையுங்கள்.