மழை விட்டதும் தும்பை பறிக்கலாம்

ஐப்பசியில் நாலு மழை பெய்து நின்றால் போதும், வரப்போரத்திலும் தரிசிலும் தும்பை தானாக எழும்பிவிடும். சளிக்கும் தலைபாரத்துக்கும் கிராமத்து வீடுகளில் முதலில் தேடுவது இந்தச் செடியைத்தான். ஆனால் காலடியில் இருந்தாலும் இன்று பலருக்கு இதை அடையாளம் தெரியவில்லை, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பாருங்கள், உருளாது. நான்கு பட்டையாக இருக்கும். துளசியும் புதினாவும் இதற்குச் சொந்தம், அவற்றின் தண்டும் இப்படித்தான். இலை ஒடுங்கி நீண்டு, எதிரெதிராக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். கணுவுக்குக் கணு பச்சை உருண்டை ஒன்று தண்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும், அதிலிருந்துதான் வெள்ளைப் பூக்கள் கீழுதடு விரிந்து எட்டிப் பார்க்கும். பூவை மெல்ல உருவி அடியை உறிஞ்சினால் ஒரு துளி தேன். பெயரை மட்டும் கேட்டு ஏமாற வேண்டாம்: பெருந்தும்பை என்று சிலர் சொல்லும் பேய்மிரட்டிக்குத் தடித்த மெத்தென்ற இலையும் ஊதா சாயல் பூவும் இருக்கும், கவிழ்தும்பையின் பூ வெளிர்நீலமாகத் தலைகவிழ்ந்து தொங்கும். இரண்டும் வேறு செடிகள்.

வெள்ளை வேட்டிக்கு உவமை சொல்லும் பூ இது. தொல்காப்பியத்தில் போருக்கு ஒரு திணையே இதன் பெயரில் இருக்கிறது. இத்தனூண்டு பூவைச் சூடிக்கொண்டா களத்துக்குப் போனார்கள் என்று பறிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

காலையில் பனி உலர்ந்த பிறகு பறியுங்கள். சாக்கடை ஓரம், பெரிய ரோட்டோரம், பூச்சிமருந்து அடித்த வயல், இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளுங்கள், பாதிச் செடிகளையாவது விதைக்கு விட்டுவிடுங்கள். எறும்பு நிறைய இருக்கும், உதறிவிட்டு அலசினால் சரி.

மூக்கடைப்புக்கு ஆவி பிடிப்பதுதான் எளிது. இரண்டு லிட்டர் தண்ணீரில் இலையும் பூவுமாக இரண்டு கைப்பிடி, கிடைத்தால் நொச்சி கொஞ்சம், ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுக் கொதிக்க விட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அசையாத இடத்தில் வைத்து, போர்வை போர்த்தி ஐந்து நிமிடம் பிடித்தால் போதும். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், பாத்திரம் சாய்ந்தால் வெந்துவிடும்.

தலைபாரத்துக்கு எண்ணெய். ஒரு கைப்பிடி பூவை நிழலில் வாட விடுங்கள், ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும். 100 மில்லி நல்லெண்ணெயில் போட்டு இளந்தீயில் வைத்து, சடசடப்பு அடங்கியதும் இறக்கி ஆறவைத்து வடிகட்டுங்கள். வாரம் ஒருமுறை தலையில் தேய்த்து அரைமணி நேரம் ஊறி, சீயக்காய் போட்டுக் குளியுங்கள். காய்ச்சல் இருக்கும்போது எண்ணெய்க் குளியல் கூடாது.

சொறிக்கு இலையை அரைத்துப் பூசும் வழக்கமும் உண்டு. முதலில் முன்கையில் கொஞ்சம் தடவி, எரிச்சலோ தடிப்போ வருகிறதா என்று ஒருநாள் பாருங்கள். இலைச்சாற்றை மூக்கில் விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், எந்தப் பெரியவர் சொன்னாலும் சரி. உள்ளுக்குச் சாப்பிடுவது என்றால், கர்ப்பிணிகளும் தினசரி மாத்திரை எடுப்பவர்களும் சித்த மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பாம்புக்கடிக்குத் தும்பைச்சாறு கொடு என்று இன்னமும் சொல்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். இலையைத் தேடி அரைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் விஷம் உடம்பில் ஏறிவிடும். கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே 108-ஐ அழையுங்கள், விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பக்கத்தில் தரிசு இல்லாதவர்கள் தொட்டியிலேயே வளர்க்கலாம். காய்ந்து பழுப்பான உருண்டைகளை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் பழுப்பு விதை உதிரும், அதை மண்மேல் தூவி லேசாக நீர் தெளியுங்கள், அப்புறம் முளைவிடும்வரை மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.