ஸ்போர்ட் செடானில் மைலேஜ் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஸ்போர்ட் செடான் வாங்கிவிட்டு மைலேஜ் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். கட்டாயம் பேசலாம். சின்ன இன்ஜின் காரைவிட, 300 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள காரில்தான் ஓட்டும் விதத்துக்கு ஏற்ப மைலேஜ் ரொம்பவும் ஏறி இறங்கும். மிச்சம் பிடிக்க இடம் நிறைய இருக்கிறது. ஆனால் பலரும் அதைத் தப்பான இடத்தில் தேடுகிறார்கள்.

தவறு கணக்கிலேயே ஆரம்பிக்கிறது. நெரிசலில் 100 கிலோமீட்டர் ஓட்டினீர்கள், லிட்டருக்கு 6 கிடைத்தது. நெடுஞ்சாலையில் இன்னொரு 100, அதில் 12 கிடைத்தது. சராசரி 9 என்று மனம் உடனே சொல்லும். செலவான பெட்ரோலைக் கூட்டிப் பாருங்கள்: 16.7 லிட்டரும் 8.3 லிட்டரும் சேர்ந்து 25 லிட்டர். 200 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் என்றால் சராசரி 8 தான். நெடுஞ்சாலையில் பாடுபட்டு 12-ஐ 13 ஆக்கினால் 100 கிலோமீட்டருக்கு மிச்சமாவது 0.6 லிட்டர் சொச்சம். நெரிசலில் 6-ஐ 7 ஆக்கினால் 2.4 லிட்டர் மிச்சம். இரண்டிலும் கூடியது ஒரே ஒரு கிலோமீட்டர், பலனோ ஏறக்குறைய நான்கு மடங்கு. மோசமாக ஓடுகிற கிலோமீட்டர்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

டேஷ்போர்டு காட்டும் எண்ணை அப்படியே நம்புவதும் தவறு. பல கார்களில் அது உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, அடுத்த முறையும் அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். மூன்று நான்கு தடவை செய்தால் நம்பத்தக்க எண் கிடைக்கும். அப்புறம், கம்பெனி சொன்ன எண் ஏன் வரவில்லை என்று வருந்த வேண்டாம். ஐரோப்பாவில் 2017-ல் நடைமுறைக்கு வந்த டபிள்யூ.எல்.டி.பி. என்ற ஆய்வக மைலேஜ் சோதனை 30 நிமிடம், சுமார் 23 கிலோமீட்டர். அதை ஓடி முடிக்க ஒரு 400 குதிரைத்திறன் கார் தன் பலத்தில் சிறு பங்கைத்தான் தொடுகிறது.

அந்த மீதிப் பலத்தைத் தொடும்போதுதான் பெட்ரோல் கரைகிறது. சாதாரணமாக 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற கணக்கில் இன்ஜின் ஓடும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தம் ஏறியதும், பல இன்ஜின்கள் அந்த 14.7-ஐ 12 பக்கம் இறக்கிவிடும். டர்போவும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சூடு தாங்க வேண்டுமே! கூடுதலாகத் தெளிக்கும் பெட்ரோலில் நல்ல பங்கு வண்டியைத் தள்ளுவதில்லை, குளிரவைப்பதற்கே போகிறது. அடுத்த சிக்னல் கண்ணுக்குத் தெரியும்போதும் ஒரு மிதி மிதித்து உடனே பிரேக் போடுவது, நகரத்தில் நடக்கும் மிகப் பெரிய விரயம்.

இதைக் கேட்டு முட்டையை மிதிப்பதுபோல ஓட்டுவதும் சரியல்ல. பெட்ரோல் இன்ஜினில் காற்று நுழையும் வழியிலுள்ள திராட்டில் என்ற கதவு அரைகுறையாக மூடியிருந்தால், சின்ன இடுக்கு வழியே காற்றை இழுக்கவே இன்ஜின் சக்தியைச் செலவழிக்கும். இன்ஜின் பெரிதானால் இந்த இழப்பும் பெரிது. மிதமாக, தயங்காமல் மிதித்து, சீக்கிரமாக மேல் கியருக்குப் போய்விடுவதுதான் நல்லது. ஸ்போர்ட் மோடில் கியர்பாக்ஸ் இதற்கு நேர்மாறாக நடக்கும். கீழ் கியரையே பிடித்துக்கொண்டு ஆர்.பி.எம்.-ஐ, அதாவது இன்ஜின் சுழலும் வேகத்தை, உயர்த்தியே வைத்திருக்கும். நெரிசலில் அதனால் ஒரு பயனும் இல்லை.

காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் சூடாக்குகிறவர்கள் காரின் மேல் உள்ள அக்கறையில்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் நிற்கும் கார் லிட்டருக்குத் தருவது பூஜ்யம் கிலோமீட்டர், ஆயிலும் அப்படிச் சூடாவதற்கு வெகுநேரம் ஆகும். அரை நிமிடத்தில் கிளம்பி, ஆயில் சூடாகும்வரை ஆர்.பி.எம். ஏற்றாமல் ஓட்டினால் போதும். கூலன்ட் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் முழுதாகச் சூடாகியிருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு மூன்று சிறு வேலைகளை ஒரே பயணத்தில் முடித்தால், குளிர்ந்த இன்ஜின் குடிக்கும் பெட்ரோல் ஒரு தடவையோடு போகும்.

ஆக்டேன் குறைந்த பெட்ரோல் போட்டுக் காசு மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் நடக்காது. நாக்கிங், அதாவது பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது, வந்ததும் சென்சார் அதைப் பிடித்து, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். சக்தி குறையும், கால் தானாக இன்னும் அழுத்தும். டாங்க் மூடியின் உட்புறம் எழுதியிருக்கும் எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். வெளிநாட்டுக் குறிப்புகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை: ஆக்டேனைக் கணக்கிடும் முறை வேறு என்பதால், அமெரிக்க பம்பில் 91 என்று எழுதியிருப்பது, மற்ற பல நாடுகளின் 95-க்குப் பக்கத்தில் வரும்.

காலை எடுத்ததும் எக்ஸாஸ்ட் பட் பட் என்று வெடிக்கும்படி ரிமேப் செய்வது, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது, எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜெக்டர்கள் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். வேகம் இறங்கும் அந்தத் தூரம் முழுக்க இலவசம். அந்த ரிமேப்போ அதே நேரத்தில் பெட்ரோலைத் தெளித்து, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி, எக்ஸாஸ்டுக்குள் எரிய விடுகிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சேர்ந்து பாழாகும். இறக்கத்தில் நியூட்ரலுக்கு மாற்றுவதிலும் இலவசம் போய்விடும்: ஐடிலில் ஓட இன்ஜினுக்குப் பெட்ரோல் வேண்டும், பிரேக்குக்கும் சுமை கூடும்.

ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய இன்ஜின் வரும் காற்றை அளந்தே பெட்ரோல் தருகிறது. அழுக்கு ஃபில்டர் பிக்கப்பைத்தான் குறைக்கும்.

டயர் அப்படியில்லை. அகலமான, பிடிப்பு மிகுந்த டயர் உருளவே அதிகச் சக்தி கேட்கும், காற்றும் குறைந்தால் இன்னும் மோசம். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரின் காற்றழுத்தம் சுமார் 2 பி.எஸ்.ஐ. குறையும். ஓடிச் சூடான டயரில் அளந்தால் காற்று சரியாக இருப்பதுபோலத் தெரியும், ஆகவே காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே அளக்க வேண்டும். முன் டயருக்கும் பின் டயருக்கும் வேறு வேறு அளவு கொடுத்திருக்கிறார்களா என்று கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.