நாய்க்குப் பச்சைக் கறி: பாயிடம் எதைக் கேட்டு வாங்குவது

நாய்க்குப் பச்சைக் கறி போடுகிறேன் என்றால் சைதாப்பேட்டையில் எங்கள் தெருவில் முதலில் கேட்பது, "வெறி பிடிச்சிடாதா?" என்றுதான். பிடிக்காது. வெறிநோய் வைரஸால் வருவது, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. எனக்குப் பயம், வெறும் கறியாகவே போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்துத்தான். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. எலும்பில்லாமல் அதையே தின்று வளரும் குட்டிக்குக் கால் வளைந்துபோகும்.

வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் 2 முதல் 3 சதவீதம் தீனி. எங்கள் ஜிம்மி தெரு நாய்தான், 20 கிலோ. 500 கிராம் போதும். சதை 80, தின்னும் எலும்பு 10, ஈரல் 5, வேறு உறுப்பு 5 சதவீதம் என்று பிரித்துக்கொள்வது வழக்கம். கடை மொழியில் சொன்னால்: தோல் நீக்கிய கோழிக் கழுத்து 150 கிராம் (ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எலும்பு என்று வைத்துக்கொள்ளலாம்), எலும்பில்லாத கறி 300, ஈரல் 25, கிட்னியோ சுவரொட்டியோ (மண்ணீரல்) 25. இதயமும் கோழி இரைப்பையும் சதைக் கணக்கில்தான் சேரும். ஈரலை ஆசையாகத் தின்கிறதே என்று கூட்டாதீர்கள். வைட்டமின் ஏ உடம்பில் தேங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போய் நின்றால் பாய்க்கு நம்மிடம் பேச நேரமிருக்காது. புதன்கிழமை காலையில் போங்கள். "நாய்க்குத்தானேக்கா, தோலோட இருக்கட்டுமே" என்பார். வேண்டாம், கொழுப்பு அதிகமானால் வயிற்றால் போகும். சுவரொட்டிக்கு முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். ரத்தசோகைக்கென்று வாங்குகிறவர்கள் நமக்கு முன்னால் வந்துவிடுவார்கள். ஆட்டுக் கால் எலும்பை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கடித்தால் பல் உடையும். வெந்த எலும்பு, முக்கியமாக பிரியாணி எலும்பு, ஒருபோதும் கூடாது. சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

ஆட்டு ஈரலில் நீர் கோத்த கொப்புளம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது ஒரு நாடாப்புழுவின் இளம்பருவமாக இருக்கலாம். நாய் தின்றால் குடலில் புழுவாகும். அதன் முட்டை மலத்தோடு வெளியே வந்து, நம் வயிற்றுக்குள் போனால் ஈரலில் நீர்க்கட்டி வரும். அதனால் ஆட்டு உறுப்பு எதையும் நான் நன்றாக வேகவைத்துத்தான் போடுகிறேன். "அப்புறம் அது என்ன பச்சைத் தீனி?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மத்தி மீனும் அப்படியே: பச்சையாக இருக்கும்போது வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி அதில் உண்டு, வெந்தால் போய்விடும். வாரத்தில் இரண்டு நாள் மத்தியைக் குக்கரில் முள் மசியும்வரை வைக்கிறேன்.

இவ்வளவு செய்தும் துத்தநாகம், மாங்கனீஸ், அயோடின், வைட்டமின் ஈ குறையலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் டாக்டரிடமோ இந்தப் பட்டியலைக் காட்டி, எதை எவ்வளவு சேர்ப்பது என்று கேளுங்கள்.

சென்னை வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி தூங்கும், சாகாது. ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து உறைய வையுங்கள். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றினால் காலையில் பதமாக இருக்கும். சமையல் மேடையில் வைத்து இளக விடாதீர்கள். தட்டு எவர்சில்வர்தான். கால் மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும். வெட்டுப்பலகை, கத்தி இரண்டும் தனி. வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, கீமோ எடுப்பவரோ இருந்தால் இந்த முறையே வேண்டாம், வேகவைத்த தீனிக்குப் போய்விடுங்கள். அப்போது எலும்பு கிடையாது. ஒரு கிலோ கறிக்கு ஒரு டீஸ்பூன் நைசாக அரைத்த முட்டை ஓட்டுத் தூள்.

தயிர்சாதத்தில் வளர்ந்த நாயை ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் வாரம் கோழி மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. உறுப்பெல்லாம் பிறகு. தினமும் மலத்தைப் பாருங்கள், முகம் சுளிக்காமல். சாக்பீஸ் மாதிரி வெளுத்து உதிர்ந்தால் எலும்பு அதிகம். கருத்துக் குழைந்தால் உறுப்பு அதிகம். முக்கியும் வராமல், வாந்தியும் எடுத்தால் அளவைத் திருத்திக்கொண்டிருக்காமல் அன்றே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எலும்பு அடைத்திருக்கலாம்.