எந்த பிரவுசர் பத்திரமானது? நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்

இந்தக் கேள்வி வந்ததும் பலர் பாதுகாப்பு ஓட்டைகளின் எண்ணிக்கையைத் தேடிப் போகிறார்கள். குரோமில் இத்தனை, ஃபயர்பாக்ஸில் இத்தனை என்று ஒரு கணக்கு கிடைக்கும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆள் வைத்துத் தேடினால் நிறைய அகப்படும். யாரும் தேடாத பிரவுசரில் ஒன்றும் அகப்படாது. அதற்குப் பதிலாக, கணினியில் இரண்டு மூன்று பிரவுசர்களை நிறுவிக்கொண்டு இப்படிச் செய்யுங்கள்.

படி 1: எஞ்சின்

வலைப்பக்கத்தைத் திரையில் காட்டும் உள்பகுதிதான் எஞ்சின். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாவற்றுக்கும் அடித்தளம் கூகுள் முன்னின்று உருவாக்கும் குரோமியம்தான். எட்ஜ் 2020 ஜனவரியில் இதற்கு மாறியது. ஃபயர்பாக்ஸுக்கு கெக்கோ, சஃபாரிக்கு வெப்கிட். (ஐபோனில் பெரும்பாலான நாடுகளில் எந்தப் பெயரில் பிரவுசர் போட்டாலும் உள்ளே வெப்கிட்தான்.)

படி 2: திருத்தம் வரும் வேகம்

எனக்கு இதுதான் முக்கியம். குரோமியத்தின் நிரல் திறந்த நிரல். ஓட்டையை அடைத்ததும் அந்தத் திருத்தத்தைப் படித்தே ஓட்டை எங்கே இருந்தது என்று தாக்குபவர் ஊகிக்கலாம். குரோம் அடைத்து, நீங்கள் பயன்படுத்தும் பிரவுசர் பத்து நாள் தாமதித்தால் அந்தப் பத்து நாளும் கதவு திறந்தே கிடக்கிறது. குரோமிலேயே திருத்தம் நிரலில் தெரிவதற்கும் பயனரிடம் வருவதற்கும் நடுவே இப்படி ஓர் இடைவெளி உண்டு. அதைக் குறைக்கத்தான் 2023 ஆகஸ்டிலிருந்து குரோம் வாராவாரம் பாதுகாப்புத் திருத்தம் தருகிறது.

மெனுவில் உதவிப் பகுதிக்குப் போய், பிரவுசரைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால் பதிப்பு எண் தெரியும். ஒரு மாதம் குறித்து வையுங்கள். குரோமில் எண் மாறி எத்தனை நாளில் மற்றவற்றில் மாறுகிறது என்று பாருங்கள். ஓபரா போன்றவை சொந்த எண் வைத்திருக்கும். அதில் குரோமியம் எண்ணைத் தேடிப் பிடியுங்கள்.

ஃபயர்பாக்ஸ் குரோமியம் இல்லை என்பதால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் வான்கூவரில் நடந்த ப்வன்-டு-ஓன் (Pwn2Own) என்ற, மென்பொருளை உடைத்துக் காட்டும் போட்டியில் மான்ஃப்ரெட் பால் என்பவர் குரோம், எட்ஜ், சஃபாரி, ஃபயர்பாக்ஸ் நான்கையும் உடைத்துக் காட்டினார். ஃபயர்பாக்ஸுக்கு மறுநாளே திருத்தம் வந்துவிட்டது.

படி 3: தளங்களுக்கு நடுவே சுவர்

2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற சிப் கோளாறு வெளியானது. ஒரு தளம் இன்னொரு தளத்தின் ரகசியத்தை நினைவகத்திலிருந்து உருவ வழி இருந்தது. குரோம் அதே ஆண்டு ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிப் பிராசஸில், அதாவது நினைவகம் பிரிக்கப்பட்ட தனி இயக்கத்தில், அடைத்தது. ஃபயர்பாக்ஸ் 2021 இறுதியில்தான் அங்கே வந்து சேர்ந்தது. யூடியூப் வீடியோ பதித்த ஏதாவது செய்திப் பக்கத்தைத் திறந்து, மெனுவின் கூடுதல் கருவிகளில் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். வீடியோவுக்குத் தனி வரி இருக்கும்.

படி 4: தவறான சான்றிதழ்

ஒரு தளம் தன்னை இன்னார் என்று பிரவுசரிடம் நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் அடையாளம்தான் சான்றிதழ். பேட்எஸ்எஸ்எல் டாட் காம் (badssl.com) தவறான சான்றிதழ்களைக் காட்டிப் பார்க்கவென்றே உள்ள சோதனைத் தளம். காலாவதியானது, பெயர் பொருந்தாதது இரண்டையும் எல்லா பிரவுசரும் தடுக்க வேண்டும். ரத்து செய்யப்பட்ட சான்றிதழில்தான் நடத்தை வேறுபடலாம்.

படி 5: எக்ஸ்டென்ஷன்கள்

பிரவுசரில் நாமே கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள் இவை. எல்லாத் தளங்களையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்பது எது என்று பாருங்கள். என்னிடம் ஒன்பது இருந்தன. அதில் ஒன்றை எப்போது போட்டேன் என்றே நினைவில்லை; சரி, முதலில் அதைத் தூக்கினேன்.