சேர்வராயன் சரிவில் குதிரைக்கும் மாட்டுக்கும் கொட்டகை கட்டுவது எப்படி

ஏற்காட்டில் கொட்டகை கட்ட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, பனியையும் குளிரையும் எப்படி அடைப்பது என்பதைத்தான். இந்த மலையில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: குளிரை விடுங்கள், ஈரத்தையும் அடைபட்ட காற்றையும் கவனியுங்கள். மார்கழி இரவின் குளிரை வளர்ந்த குதிரையும் மாடும் தாங்கும். நான்கு பக்கமும் கூரை வரை சுவர் எழுப்பி, மிச்சமுள்ள சந்தில் சாக்கையும் தொங்கவிட்ட கொட்டகையில்தான் இருமலும் மூக்கொழுகலும் குளம்பு அழுகலும் மடிவீக்கமும் விடாமல் வருகின்றன.

ஏற்கெனவே கொட்டகை வைத்திருப்பவர் ஒரு சோதனை செய்யலாம். விடியற்காலையில் உள்ளே போய், குதிரையின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூச்சை இழுங்கள். நின்றபடி முகர்ந்தால் முழுதும் தெரியாது. சிறுநீர் சிதைந்து எழும் அம்மோனியா தரையருகில்தான் மிகுதி. படுத்திருக்கும் குதிரையும் கன்றும் இரவெல்லாம் சுவாசிப்பது அந்தக் காற்றை. உங்கள் கண் எரிந்தால் அவற்றின் நுரையீரலும் எரிகிறது என்று பொருள்.

முதலில் இடம். சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே முன்பக்கம் கொட்டி நிரவுவது மலையில் வழக்கம். வெட்டிய பாதி அசையாது. கொட்டிய பாதி மழைக்கு மழை இறங்கும். இரண்டின் மேலும் சேர்த்துக் கட்டிய சுவர் நடுவில் பிளக்கும். கட்டடம் முழுவதும் வெட்டிய பாதியில் நிற்கட்டும், கொட்டிய பாதியை முற்றமாக விடுங்கள். மேட்டுப்பக்கத்து மண்சுவருக்கும் கொட்டகைச் சுவருக்கும் இடையில் குறைந்தது 6 அடி விட்டு, அதில் ஒரு வாய்க்கால் வெட்டி, நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். மேலே உள்ள காபித் தோட்டத்திலிருந்து இறங்கும் தண்ணீர் அத்தனையும் அந்த வழியாகப் போகும். வாய்க்கால் இல்லாவிட்டால் அது உங்கள் கடைக்காலுக்குள் புகும். தரைமட்டம் முற்றத்தைவிட ஒன்றரை அடி உயரமாக இருக்கட்டும்.

திசை விஷயத்தில் சேலத்தில் உள்ளவர்களும் மலையில் உள்ளவர்களும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. கீழே வெயில்தான் எதிரி. அங்கே கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். பக்கச் சுவர் 4 அடி போதும், மேலே முழுவதும் திறப்பு, சுற்றிலும் வேம்பும் புங்கமும். மேலே, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், வெயில் நமக்குத் தோழன். நீளத்தை வடக்கு தெற்காக வைத்தால் காலை வெயில் கிழக்குப் பக்கம் வழியாகத் தரை வரை விழுந்து ஈரத்தை உறிஞ்சும். தென்மேற்குப் பருவத்தின் சாரல் மேற்கிலிருந்து அடிப்பதால் அந்தப் பக்கச் சுவரை 6 அடி வரை எழுப்பி, அதற்கு மேல் கூரை தொடும் வரை கம்பி வலையோடு திறந்துவிடுங்கள். ஐப்பசி மழை கிழக்கிலிருந்தும் வரும். அதனால் இரண்டு பக்கமும் கூரை 4 அடி வெளியே நீளட்டும்.

இரண்டு குதிரை, மூன்று பசு, பத்து ஆடு உள்ள ஒரு குடும்பத்துக்கு நான் சொல்லும் அளவு இது. 12 அடி அகலம், 44 அடி நீளம். தெற்கு முனையில் 12-க்கு 12 அடியில் இரண்டு குதிரை அறைகள், நடுவில் 8 அடியில் தீவன அறை, வடக்கு முனையில் 12 அடியில் மாடுகள். கிழக்கில் முழு நீளத்துக்கும் 8 அடி தாழ்வாரம். ஆட்டுப் பரண் இதில் சேராது, தனியே நிற்க வேண்டும். கடைக்கால் தோண்டுமுன் இந்த அளவுகளைச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டு, குதிரையை உள்ளே நடத்தித் திருப்பிப் பாருங்கள். காகிதத்தில் தாராளமாகத் தெரிந்த கதவு குதிரையின் விலாவை உரசுவது அப்போதுதான் தெரியும்.

குதிரை அறையில்தான் நேரத்தையும் பணத்தையும் கொட்ட வேண்டும். ஆடிச் சந்தையில் அந்தியூரிலிருந்து ஆசையாக வாங்கி வந்த குதிரையை மாட்டுக்கு அருகில் முளையடித்துக் கட்டிவைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. பயந்தால் ஓடுவது குதிரையின் இயல்பு. ஓட வழியில்லாத இடத்தில் அது உதைக்கும், எகிறும், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும். அறைக்குள் கட்டாமல் விடுங்கள். கதவு 4 அடி அகலம், 8 அடி உயரம், வெளிப்பக்கம் திறப்பதாக இருக்க வேண்டும். குதிரை கதவோரம் படுத்துவிட்டால் உள்ளே திறக்கும் கதவை அசைக்க முடியாது. மேல் பாதி, கீழ் பாதி என இரண்டாகப் பிரித்துப் போடுங்கள், மேல் பாதி இரவிலும் திறந்தே இருக்கட்டும். கீழ்ப் பாதிக்கு மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் உதட்டாலேயே திறக்கக் கற்றுக்கொள்ளும்.

சுவருக்கான கல்லை வெளியூரில் தேட வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவரும் செங்கல்லைவிட இந்த மலையின் கருங்கல் மலிவு, உறுதியும் கூட. ஆனால் வெறும் கல்லில் குதிரை உதைத்தால் கால் போய்விடும். உள்பக்கம் நாலரை அடி உயரத்துக்கு 2 அங்குலப் பலகை அடியுங்கள், ஆணித்தலை ஒன்றும் வெளியே தெரியக் கூடாது. இரண்டு அறைகளுக்கும் இடையிலான தடுப்பு, அந்த உயரம் வரை பலகையும் அதற்கு மேல் நெருக்கமான கம்பியுமாக இருக்கட்டும். கம்பிகளுக்கு நடுவே குளம்பு நுழையக் கூடாது, ஆனால் ஒன்றையொன்று பார்க்க முடிய வேண்டும். குதிரை கூட்டமாக வாழும் பிராணி. துணை கண்ணில் பட்டால்தான் அமைதியாகப் படுக்கும்.

தரைக்கு முக்கால் அங்குல ஜல்லி 6 அங்குல உயரம், அதன் மேல் செம்மண்ணும் சுண்ணாம்பும் கலந்து திமிசு போட்டு இறுக்கிய தளம், அதன் மேல் ரப்பர் விரிப்பு. 60 அடிக்கு ஓர் அடி வாட்டம் போதும். அதிகமானால் காலின் தசைநாண்கள் பாதிக்கும். படுக்கைக்குத் தச்சுப் பட்டறையின் மரச்சீவல் நல்லது. ஆணி, இரும்புத்துண்டு பார்த்துப் பொறுக்கிவிட்டுத்தான் போட வேண்டும். உமி வேண்டாம், தூசி அதிகம். சீவலைச் சுவரோரம் உயரமாக ஒதுக்கிவைத்தால் குதிரை புரளும்போது சுவரில் மாட்டிக்கொண்டு எழ முடியாமல் தவிப்பது குறையும்.

மாட்டுப் பகுதிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை, நம் மேஸ்திரிகளுக்குத் தெரிந்த வேலை. ஒரு மாட்டுக்கு 4 அடி அகலம், முன்னால் தீவனத் தொட்டி, பின்னால் ஓர் அடி அகல வடிகால், வழுக்காமல் கோடு கீறிய சிமெண்டுத் தரை. ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன்: தொட்டியின் உள்மூலைகள் வளைவாக இருக்க வேண்டும். சதுர மூலையில் தங்கும் தவிடு புளித்துப்போகும்.

கூரைக்கு வருகிறேன். தகரம் மலிவு, ஆனால் அதன் அடிப்பக்கத்தில் பனி நீர்த்துளியாகப் படிந்து காலையில் படுக்கை மேல் சொட்டும். கோடை இடிமழையில் எழும் ஓசை புதிய குதிரையை நடுநடுங்க வைக்கும். நான் சொல்வது ஓடுதான். குரங்குகள் ஓட்டைப் பெயர்ப்பது உண்மை. அதற்குப் பயந்து தகரம் போடுபவர்கள் அடியில் மூங்கில் தட்டியாவது பலகையாவது வேய்ந்துவிடுங்கள். எதைப் போட்டாலும் முகட்டில் நீளவாக்கில் ஒரு திறப்பு விட்டு, மழை விழாதபடி அதன் மேல் சிறு மூடுகூரை போட வேண்டும். தாழ்வாரத்தோடு சேர்த்து 20 அடி அகலமுள்ள கொட்டகைக்கு 4 அங்குலத் திறப்பு குறைந்தபட்சம்; நான் 6 விடுவேன். சூடான, ஈரமான காற்று மேலே எழுந்து அந்த வழியாகப் போகும், சுவர் மேல் திறப்புகளின் வழியாகப் புதிய காற்று உள்ளே வரும். பிராணியின் முதுகில் நேராக வீசாத காற்று, ஆனால் நிற்காத காற்று. அதற்காகத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

கூரை முடிந்ததும், பிராணிகளை ஏற்றுமுன், தரை நடுவே சாம்பிராணி போட்டுப் பாருங்கள். புகை முகட்டை நோக்கி எழுந்து வெளியேற வேண்டும். எந்த மூலையில் சுற்றிச் சுற்றி நிற்கிறதோ அங்கே இன்னொரு திறப்பு தேவை.

தீவன அறையின் கதவு உறுதியாகப் பூட்டப்படுவதாக இருக்கட்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஓர் இரவில் மூட்டையிலிருந்து கொள்ளையும் கம்பையும் அளவில்லாமல் தின்றால் வயிற்றுவலியிலோ, குளம்பின் உள்பகுதி அழன்று நடக்க முடியாமல் செய்யும் குளம்புவாதத்திலோ முடியும். கோழி வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கோழித் தீவனத்தில் இரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கலக்கும் மோனென்சின் போன்ற மருந்துகள் கோழிக்கு மருந்து, குதிரைக்கு நஞ்சு. அந்த மூட்டையை இந்த அறையில் வைக்கவே கூடாது.

சோளத்தட்டும் வைக்கோலும் கொட்டகைக்குள்ளோ பரண்மேலோ வேண்டாம். குறைந்தது 50 அடி தள்ளிப் போர் போடுங்கள். ஈரத்தோடு அடுக்கிய தட்டு உள்ளுக்குள் சூடேறித் தானே தீப்பிடிக்கக்கூடியது. மின்கம்பியை எலி கடிக்க முடியாத குழாய்க்குள் ஓட்டி, விளக்குக்குக் கம்பிக்கூடு போட்டு, மெயின் சுவிட்சைக் கொட்டகைக்கு வெளியே வையுங்கள்.

ஆட்டுப் பரண் சரிவின் தாழ்ந்த பக்கத்தில், காற்று கொட்டகையிலிருந்து விலகிப் போகும் இடத்தில் நிற்கட்டும். 4 அடி உயரக் கல்கால்கள், 10-க்கு 12 அடித் தளம், சட்டங்களுக்கு இடையே ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. புழுக்கை கீழே விழ வேண்டும், குட்டியின் கால் மாட்டக் கூடாது. எருக்குழியும் இந்தப் பக்கமே, கிணறு ஊற்றுகளுக்குக் கீழே. மட்கிய குதிரைச் சாணத்தைக் காபிச் செடி விரும்பி ஏற்கும்.

வேலிக்கு அரளி நடாதீர்கள். பனமரத்துப்பட்டிப் பக்கம் பூவுக்காக வயல் வயலாக வளர்க்கிறார்கள், பார்க்க அழகுதான். ஆனால் கொஞ்சம் இலையே ஒரு குதிரையைக் கொன்றுவிடும், காய்ந்த இலையிலும் நஞ்சு போகாது. உண்ணிச்செடியையும் வேரோடு எடுத்துவிடுங்கள். முள்கம்பியும் குதிரைக்கு ஆகாது. கல்காலில் மூன்று வரிசை மரச்சட்டம் போதும்.

வேலையைத் தை மாதத்தில் தொடங்கினால் சித்திரை இடிமழைக்கு முன் கூரை ஏறிவிடும். சிமெண்டுத் தரையை நன்றாக நீராற்றி, முழுதும் உலர்ந்த பிறகே மாடுகளை ஏற்றுங்கள். பணம் பற்றாவிட்டால் வெளிச்சுவர்ப் பூச்சு, வண்ணம், முற்றத்துத் தளம் எல்லாம் அடுத்த ஆண்டு செய்துகொள்ளலாம். முகட்டுத் திறப்பையும் பின்பக்க வாய்க்காலையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிறகு ஓட்டைப் பிரித்து அதைச் செய்ய ஆகும் கூலியில் இன்னொரு குதிரை அறையே கட்டலாம்.