சிறுவுருவங்களுக்கு வர்ணம் தீட்ட எந்தத் தூரிகை: இயற்கை மயிரா, செயற்கை இழையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலன் குடிலுக்கு வைக்கும் மண் உருவமோ, 1/35 அளவு பிளாஸ்ரிக் மொடலோ, 28 மில்லிமீற்றர் உயரப் போர்வீரனோ, கண்ணில் வெள்ளைப் புள்ளி வைக்கும் நேரத்தில் முனை இரண்டாகப் பிரிந்துவிட்டால் "எனக்குக் கை ஓடவில்லை" என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கையில் பிழை இல்லை. அந்த வேலைக்கு எடுத்த தூரிகை பிழை, அல்லது அதைக் கழுவிய விதம் பிழை.

விலை கூடியது எல்லா வேலைக்கும் நல்லது என்று நம்புவதில்தான் அதிகம் பேர் காசை இழக்கிறார்கள். உயர்ந்த தூரிகை என்று பேசப்படுவது கொலின்ஸ்கி. சைபீரிய வீசல் என்ற குளிர்நாட்டு விலங்கின் வால் மயிரில் செய்வது. அந்த மயிரின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. நடுவில் தடித்து நுனியில் கூராகும். அதனால் தூரிகையின் வயிற்றுப் பகுதி தண்ணீரைப் பிடித்து வைத்து, முனை வழியே கொஞ்சம் கொஞ்சமாக விடும். நைலோன் இழை வழுவழுப்பானது. பிடிப்பது குறைவு, விடும்போது ஒரேயடியாக விட்டுவிடும். தண்ணியாகக் கரைத்த பெயின்றை நைலோனில் தொட்டு நேரே உருவத்தில் வைத்தால் முதல் தொடுகையிலேயே குளம் கட்டுவது இதனால்தான். தொட்டவுடன் தூரிகையின் வயிற்றை ரிசுத் தாளில் ஒருதரம் ஒற்றிவிட்டு வையுங்கள், அந்தக் குறை பாதி தீர்ந்துவிடும்.

ஆனால் கொலின்ஸ்கி வளர்ந்தது நீர்வர்ணத்தோடு. வின்சர் அண்ட் நியூட்டன் என்ற ஆங்கிலேயக் கொம்பனியின் பெயர்பெற்ற சீரிஸ் 7 வரிசை 1866இல் விக்டோரியா அரசிக்காகச் செய்யப்பட்ட நீர்வர்ணத் தூரிகையில் தொடங்கியது. காய்ந்த நீர்வர்ணம் தண்ணீர் பட்டால் மீண்டும் கரையும். நாங்கள் பாவிக்கும் அக்ரிலிக் அப்படியல்ல, காய்ந்தால் பிளாஸ்ரிக். மயிரைப் பிடித்திருக்கும் உலோகப் பூணுக்குள் அது ஏறிக் காய்ந்துவிட்டால் மயிர் அடியில் அகன்று, முனை ஒருநாளும் ஒன்றுசேராது. வன்னியின் சித்திரை வெயிலிலும், பிறகு சோளகக் காற்று வரட்டி அடிக்கும் மாதங்களிலும், மின்விசிறிக்குக் கீழே இருந்து தீட்டினால் தூரிகையிலேயே பெயின்ற் காயத் தொடங்கிவிடும்.

ஆகவே மயிரின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெயின்றில் தோய்க்க வேண்டாம். நிறம் மாற்றாவிட்டாலும் ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரில் அலசுங்கள். விசிறிக் காற்று நேரே படாத இடத்தில் மேசையைப் போடுங்கள். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் நனைந்த ஸ்பொஞ்சை விரித்து, அதன்மேல் பேக்கரியில் தட்டுக்கு விரிக்கும் எண்ணெய்த்தாளைப் போட்டு, பெயின்றை அதில் வைத்தால் காய்வது நன்றாகக் குறையும்.

இயற்கை மயிரைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாத வேலைகள் சில உண்டு. பிரைமர் என்ற முதல் அடிப்பூச்சைப் பூசுவது, பசை தொடுவது, பெயின்ற் கலக்குவது, வெள்ளி பொன் போன்ற மினுக்க நிறங்கள், எனாமல் என்ற எண்ணெய் வகைப் பெயின்ற். மினுக்க நிறத்தின் நுண்துகள் மயிரின் செதில்களில் ஒட்டிக்கொண்டு அடுத்த நிறத்திலும் மினுங்கும். எனாமலுக்குப் பாவிக்கும் தின்னர் மயிரின் இயற்கை எண்ணெயை உறிஞ்சி அதை முறியவைக்கும். உலர்ந்த தூரிகையைத் தேய்த்து மேடுகளை வெளிச்சமாக்கும் வேலைக்கு மலிவான, தடித்த, வட்ட முனைத் தூரிகையே போதும். மேலங்கி மடிப்பில் நிறத்தைப் படிப்படியாக ஏற்றுவது, முகம், கண், மெல்லிய கோடு ஆகியவற்றில்தான் கொலின்ஸ்கி தன் விலையைத் திருப்பித் தரும். விலங்கு மயிரே வேண்டாம் என்று நினைப்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நல்ல செயற்கைத் தூரிகையால் ஓர் உருவத்தை முழுதாக முடிக்கலாம். முனை சீக்கிரம் போகும், அவ்வளவுதான்.

வாங்கும்போது இலக்கத்தை நம்புவது அடுத்த பிழை. ஒரு கொம்பனியின் 1, இன்னொன்றின் 0 அளவில் இருக்கும். எல்லோருக்கும் பொதுவான அளவுமுறை இல்லை. கண் வரைய 5/0 வேண்டும் என்று தேடுவதும் வீண். அவ்வளவு சிறிய தூரிகை பிடிக்கும் துளி, உருவத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். கூர்முனையுள்ள 1 அல்லது 2 அதைவிட மெல்லிய கோடு போடும். பாடசாலைப் பொருள் விற்கும் புத்தகக்கடையில் கிடைக்கும் மென்மயிர்த் தூரிகைகள் அக்ரிலிக்குக்குத் துவண்டுபோகும். "கமல் ஹெயார்" என்று எழுதியிருந்தாலும் அதில் ஒட்டக மயிர் இருப்பதில்லை. அணில், குதிரைக்குட்டி மயிர்தான் வழக்கம். வீசல் இன விலங்குகளின் மயிருக்குப் பொதுவாகச் சொல்லும் "சேபிள்" என்ற பெயர் மட்டும் இருந்தால் அது கொலின்ஸ்கி என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கடையில் விட்டால் சோதித்துப் பாருங்கள். புதிய தூரிகையின் கூர்முனை பசையால் பிடித்து வைத்தது. அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் பசை கரையும்வரை அசைத்து, ஒருதரம் உதறுங்கள். நல்ல முனை தானாக ஒன்றாகும். ஒரு மயிர் தனியே நீட்டிக்கொண்டு நின்றாலோ, முனை மீன்வால்போல் பிரிந்தாலோ வேண்டாம். பிறகு நகத்தில் மெல்ல அழுத்தி எடுங்கள், உடனே நிமிர வேண்டும்.

இனித் தண்ணீர். வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினநீர். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுதான் தூரிகையிலும் படியும். கடினநீரில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்தால் நுரை வராது. கரையாத வெள்ளை மசகு உண்டாகும். அது பூணுக்கு அருகே மயிரிடையில் தங்கி விறைக்கும். பெயின்ற் போகவில்லை என்று நினைத்து இன்னும் சவர்க்காரம் போடப் போட மசகு கூடும். குழந்தைச் சவர்க்காரத்தைக் கட்டியாக எடுத்து, ஈரத் தூரிகையை அதன்மேல் ஒரே திசையில் இழுத்து, உள்ளங்கையில் சுழற்றி, நுரை வெள்ளையாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். இதற்கும் கடைசி அலசலுக்கும் மழைநீரோ வடிகட்டிய குடிநீரோ எடுங்கள், அரைக் கிளாஸ் போதும். கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிந்ததை எடுத்தாலும் கடினத்தில் ஒரு பகுதி போய்விடும். உடுப்புத் தோய்க்கும் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் மயிரின் எண்ணெயை எடுத்துவிடும், வேண்டாம்.

செயற்கைத் தூரிகையின் முனை கொக்கிபோல் ஒரு பக்கம் வளைவதற்குப் பெரிய காரணம், கழுவும் கோப்பைக்குள் முனை அடியில் படும்படி நிறுத்திவைப்பது. வளைந்துவிட்டால், கொதித்து இறக்கிய தண்ணீரில் இழையை மட்டும் சில வினாடி தோய்த்து, விரலால் நேராக்கி ஆறவிடுங்கள். கொஞ்ச நாள் நிற்கும், பிறகு மீண்டும் வளையும். இயற்கை மயிருக்குச் சுடுதண்ணீர் கூடாது. பூணுக்குள் இருக்கும் பசையும் இளகும்.

காயவைக்கும்போது முனை மேலே பார்க்க நிறுத்தினால் ஈரம் பூணுக்குள் இறங்கும். படுக்கையாக வைத்துக் காயவிட்டு, முழுதாகக் காய்ந்தபின் நிமிர்த்தலாம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் ஈரத்தோடு பிளாஸ்ரிக் குழாய் மூடியைப் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும்; ஒரு மயிர் வெளியே அகப்பட்டாலும் அது மடிந்தே போகும். நீண்ட நாள் பாவிக்காத மயிர்த் தூரிகையைப் பூச்சியும் அரிக்கும், நைலோனை அது தொடாது. மூடி இறுகும் தகரப் பெட்டியில் பூச்சி உருண்டை ஒன்றோடு வையுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் செயற்கையில் 0, 1, 2 என மூன்றும், மினுக்க நிறத்துக்கு ஒன்றும், உலர்தேய்ப்புக்குப் பழையது ஒன்றும் எடுத்தால் போதும். அவற்றைக் கழுவும் பழக்கம் கையில் படிந்த பிறகு 1ஆம் இலக்கக் கொலின்ஸ்கி ஒன்றை மட்டும் வாங்குங்கள். அதன் முனை தேய்ந்தால் எறிய வேண்டாம். முதலில் அடிநிறம் பூச, பிறகு பள்ளங்களில் தண்ணியான பெயின்றை (வாஷ்) ஓடவிட, கடைசியில் பெயின்ற் கலக்க என்று அதை இறக்கிக்கொண்டே போகலாம்.