ஆன்லைனில் விளம்பரம் போடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

"விளம்பரம் போட்டாலே கேஸ் ஆகிடுமா அக்கா?" சட்ட உதவித் தன்னார்வலரான என்னிடம் பாலியல் தொழிலாளிகள் அடிக்கடி கேட்பது இதுதான். 1956-இன் விபச்சாரத் தடுப்புச் சட்டத்தில் இணையத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வயது வந்தவர் சொந்த விருப்பத்தில் தனியாகச் செய்யும் தொழிலை அது குற்றமென்று சொல்லவும் இல்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள பலவற்றைக் குற்றமாக்கி வைத்திருக்கிறது.

முதலில் படத்தைக் கவனியுங்கள். பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைத்தார் என்று 1956 சட்டத்தின் 8-ஆம் பிரிவில் போடும் வழக்கில் பெண்ணுக்கு முதல்முறை 6 மாதம் வரைதான் சிறை. ஆனால் ஆபாசப் படமோ எழுத்தோ இணையத்தில் போட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெளிப்படையான பாலுறவுக் காட்சி என்றால் 67ஏ, 5 ஆண்டு வரை. முகமும் உடலும் தெரியும் படத்தைப் போடாதீர்கள்.

அடுத்தது, பலர் மாட்டிக்கொள்ளும் இடம். தோழிக்கு டைப் பண்ணத் தெரியாது, நீங்கள் உங்கள் போனிலிருந்து அவருக்கும் விளம்பரம் போடுகிறீர்கள், பணமும் உங்கள் கூகுள் பேயில் வருகிறது. உங்களுக்கு அது உதவி. போலீஸ் கண்ணில் நீங்கள் புரோக்கர். 1956 சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி ஒருவரைத் தொழிலுக்கு ஏற்பாடு செய்தால், அவருக்குச் சம்மதம் இருந்தாலும் 3 முதல் 7 ஆண்டு கடுங்காவல். இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்து தொழில் செய்து இருவரும் பலன் பெற்றால் அந்த வீடே சட்டத்தின் பார்வையில் விபச்சார விடுதி. பணம் அம்மா கணக்குக்கோ, 18 வயது தாண்டிய மகன் கணக்குக்கோ போனால், உங்கள் வருமானத்தில் வாழ்வதாக 4-ஆம் பிரிவு அவர்கள் மேல் பாயலாம். துணைக்கு ஒருத்தி இருப்பதுதான் பாதுகாப்பு, அதையே சட்டம் தண்டிப்பது எனக்கு ஆறாத கோபம். இருந்தாலும் சொல்கிறேன்: அவரவர் எண், அவரவர் கணக்கு, அவரவர் விளம்பரம். இதனால் ஆபத்து குறையும், முழுக்கப் போய்விடாது.

சில தளங்கள் திடீரென்று கணக்கை முடக்கும். பாலியல் தொழில் விளம்பரங்களுக்குத் தளத்தையே பொறுப்பாக்கும் ஃபோஸ்டா சட்டத்தை 2018 ஏப்ரலில் அமெரிக்கா கொண்டுவந்த பிறகு அங்குள்ள நிறுவனங்கள் இப்படிப்பட்ட பதிவுகளுக்கே பயப்படுகின்றன. கணக்கோடு உங்கள் தொடர்புகளும் போய்விடும். மிரட்டியவர்கள், ஏமாற்றியவர்கள் எண்களையாவது தனியாக நோட்டில் எழுதி வையுங்கள்.

"விளம்பரத்தை உன் வீட்டுக்கு அனுப்புவேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மிரட்டிப் பணம் பறிப்பது குற்றம், உங்கள் தொழில் எதுவாக இருந்தாலும். மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஏமாந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

சரி, ரெய்டு வந்துவிட்டால்? 1956 சட்டப்படி சோதனைக்கு வரும் அதிகாரியோடு குறைந்தது இரண்டு பெண் போலீசார் இருக்க வேண்டும். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். போனை எடுத்தால் பறிமுதல் பட்டியலின் நகலைக் கேளுங்கள். ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது என்று 2022 மே 19-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வக்கீல் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100. அதைப் போனில் மட்டும் சேமித்து வைக்காதீர்கள், முதலில் கையைவிட்டுப் போவது போன்தான்.